மூன்றும் ஒரே மூச்சில் – 6: நீரில் கண்டம்

எனக்கு நீரில் கண்டம் என்று ஜாதகத்தில் எழுதியிருக்கிறது. கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தபோது, கோயில் திருவிழாவுக்கு வந்த ஜோசியர் ஒருவர் கணித்துக் கொடுத்தது. மஞ்சள் தடவிய அந்த நோட்டை அம்மா சாமி மேடையில், கற்பூரத் தட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். மறு வருடமே என் சித்தப்பா மகன், என்னைவிட மூன்று வயது மூத்தவன், பள்ளி விடுமுறையில் ஆற்றுக்குக் குளிக்கப் போனவன், திரும்பி வரவில்லை. அன்று சாயங்காலம் மணல் திட்டில் அவனுடைய சிலிப்பர் இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் குளியலறைத் தொட்டியில் மொண்டு ஊற்றிக்கொள்வது மட்டும்தான்.

நாற்பத்திரண்டு வயதுவரை இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் நான் நின்றதில்லை.

கடந்த ஐந்து வாரங்களாக இந்தத் தொடரில் சர்க்கரைப் பரிசோதனை முடிவு கையில் வந்த நாளையும், ஜாலான் தோடாக்கில் மூச்சு வாங்கி நின்று நின்று ஓடிய முதல் கிலோமீட்டரையும், பழைய சைக்கிளைத் தட்டி நிமிர்த்திய கதையையும் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. சுங்கை பட்டாணி வாசகர் ஒருவர் நேராகவே கேட்டிருக்கிறார்: “ஓடுவேன், சைக்கிளும் மிதிப்பேன். நீந்தத் தெரியாது. வயது 45. இனிமேல் பழகினால் வருமா?”

வரும், ஐயா. எனக்கு வந்தது. எப்படி வந்தது என்பதைச் சொல்வதற்குத்தான் இந்த வாரம் முழுவதையும் வைத்துக்கொண்டேன்.

மூன்றையும் ஒரே போட்டியில் முடிக்கும் டிரையத்லானில் நீச்சல்தான் முதலில் வரும். பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு இதுவே பெரிய தடையாகத் தெரியும். வாசலிலேயே தண்ணீரை வைத்துவிட்டார்களே என்று தோன்றும். அதற்குக் காரணம் உண்டு. களைத்துப்போன ஆள் சாலையோரத்தில் உட்காரலாம், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலாம். நடுத்தண்ணீரில் உட்கார இடமில்லை. உடம்பில் தெம்பு முழுதாக இருக்கும்போதே நீச்சலை முடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

தொடக்கத்தில் அப்படி இல்லை. 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை மாலை, அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்து மிஷன் பே கரையில் ஓட்டக்காரர் சங்கம் ஒன்று நடத்திய போட்டிதான் இந்த மூன்றையும் சேர்த்து டிரையத்லான் என்ற பெயரோடு நடந்த முதல் போட்டி. ஜாக் ஜான்ஸ்டன், டான் ஷனஹன் என்ற இருவரின் யோசனை அது. 46 பேர் கலந்துகொண்டார்கள். அங்கே ஓட்டம் முதலில் வந்தது, நீச்சல் பின்னால் போனது. பொழுது சாய்ந்துவிட்டது. இன்னும் தண்ணீரில் இருந்தவர்களுக்குக் கரை தெரிவதற்காகக் கார்களை நிறுத்தி முன்விளக்கைப் போட்டார்கள். அந்த 46 பேரில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் ஒருவர். அவர்தான் 1978-ல் ஹவாயில் ‘அயர்ன்மேன்’ போட்டியைத் தொடங்கிவைத்தார்: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முதல் வருடம் இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அதே தூரம் நம் லங்காவியிலும் 2000-ஆம் ஆண்டு முதல் நடந்து, இடையில் சில வருடம் நின்று, 2014-ல் மீண்டும் வந்தது. பதினேழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

அந்த எண்களைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். புதியவருக்கு உரியது ‘ஸ்பிரிண்ட்’ தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ல் சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்த்தது இதைப்போல் இரு மடங்கு. நான் சொல்லிக்கொண்டிருப்பது ஸ்பிரிண்டைப் பற்றி. 750 மீட்டர் என்பது 25 மீட்டர் குளத்தில் முப்பது முறை. ஒருமுறைகூட அக்கரை போய்ச் சேர முடியாத எனக்கு அந்த முப்பது, மலை மாதிரி இருந்தது.

நான் குடியிருக்கும் செபராங் ஜெயாவில் தெருக்களுக்கு மீன்களின் பெயர். தோடாக், தெங்கிரி, கெலிசா. பகலெல்லாம் லாரிகளும் தொழிற்சாலை பஸ்களும் ஓடும் ஊர். பிறைத் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து வருகிறவர்களும் காலை வேலைக்குப் போகிறவர்களும் ஒரே ரொட்டிக் கடையில் பசியாறுவார்கள். அந்தக் கடையில் பழக்கமான நண்பர் ஒருவர்தான் என்னைப் பொதுக் குளத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். சீனர், வயது எழுபதை நெருங்கும். எல்லோரும் அங்கிள் என்போம்.

முதல் நாள் அவர் என்னை நீந்தவே சொல்லவில்லை. ஆழமில்லாத பக்கம், தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே நிற்கும் இடத்தில், சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஐந்து விநாடி இருக்காது, நெஞ்சு அடைத்துக்கொண்டு தலையைத் தூக்கிவிட்டேன். காதுக்குள் இதயத் துடிப்பு கேட்டது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. பக்கத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மிதவைப் பலகையோடு என்னைத் தாண்டிப் போனாள்.

அங்கிள் என் முதுகில் கையை வைத்து, “ஜாங்ஙான் தக்கோட், பயப்படாதே, தம்பி. மூச்சைப் பிடிக்காதே. ஹெம்புஸ்” என்றார். ஊது.

இந்த ஒரு சொல்லில்தான் என் பயத்தின் முடிச்சு இருந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மூச்சை அடக்கினால் நெஞ்சு அடைப்பது காற்று தீர்ந்துவிட்டதால் அல்ல. அந்த ஐந்து விநாடியில் உடம்பிலுள்ள ஆக்சிஜனுக்கு எதுவும் ஆகியிருக்காது. உள்ளே சேரும் கரியமில வாயுவை வெளியேற்றச் சொல்லித்தான் மூளை அடித்துக்கொள்கிறது. தண்ணீருக்கு வெளியே நாம் நினைக்காமலே அதை ஊதிவிடுகிறோம். முகம் நனைந்ததும் பயத்தில் தொண்டையை இறுக மூடிக்கொள்கிறோம். தலையைத் தூக்கிய அரை விநாடியில் பழைய காற்றை வெளியேவிட்டுப் புதுக் காற்றையும் இழுக்கப் பார்க்கிறோம். நேரம் போதாது. பாதிக் காற்றோடு மீண்டும் முகம் உள்ளே போகிறது. இப்படி நான்கு முறை நடந்தால் எந்தப் பலசாலிக்கும் மூச்சு முட்டும். முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக ஊதிக்கொண்டே இருந்தால், முகம் திரும்பும்போது இழுக்க மட்டும் செய்தால் போதும்.

நான் இரண்டு வாரம் அதை மட்டும் செய்தேன். கம்பியைப் பிடித்து நின்று, முகத்தை உள்ளே வைத்து ஊதுவது, தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுப்பது, மறுபடி ஊதுவது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம். வீட்டில் குளியலறைத் தொட்டியிலும் அதையே செய்தேன். பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, ஊதிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து பார்த்தேன். குளத்தின் அடியில் நீல ஓடுகளின் மேல் வெயில் வலைபோல ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்குப் பயம் விட்டுப்போன நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

அடுத்தது மிதப்பது. வயது வந்த ஆண்கள் பெரும்பாலோருக்கு, என்னையும் சேர்த்து, கால்தான் முதலில் இறங்கும். நெஞ்சுக்குள் காற்று இருப்பதால் அது மிதக்கும். தொடையும் கெண்டைக்காலும் கனம். பிள்ளைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையைப் போல உடம்பு இரண்டு பக்கமும் ஆடும். பயத்தில் தலையைத் தூக்கினால் கால் இன்னும் கீழே போகும். கால் கீழே போனால் உடம்பு சுவர் மாதிரித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதை எதிர்த்து முட்டி யாராலும் ஜெயிக்க முடியாது. தலையைக் கீழே விடு, நெஞ்சைத் தண்ணீர்மேல் சாய், இடுப்பு தானாக மேலே வரும். சில சொற்களில் சொல்லிவிடலாம். உடம்பு அதை நம்புவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஓடிப் பழகியவர்கள் செய்யும் தவறு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காலை வெறிகொண்டு அடிப்பார்கள். நானும் அடித்தேன். தொடைத் தசைகள் உடம்பின் பெரிய தசைகளில் சேர்ந்தவை, ஆக்சிஜனை அள்ளிக் குடிக்கும். பத்து மீட்டரில் மூச்சு போய்விடும். அது மட்டுமா, அந்தக் காலை வைத்துத்தான் அடுத்து சைக்கிள் மிதிக்க வேண்டும், அதற்கடுத்து ஓட வேண்டும். டிரையத்லான்காரர்கள் தண்ணீரில் காலை மெல்ல அசைத்துச் சமநிலைக்கு வைத்துக்கொண்டு, கையாலும் தோளாலும் இழுத்துப் போவார்கள். கரையில் நடந்துகொண்டே அங்கிள் சொல்வது எப்போதும் ஒரே சொல்தான்: “பெலான், பெலான்.” மெதுவாக, மெதுவாக. பலம் காட்டினால் நான் மூழ்கினேன். மெதுவாகப் போனபோதுதான் அக்கரை வந்தது. ஆறாவது வாரம் முதல் 25 மீட்டர். நான்காவது மாதம் 750.

அம்மாவிடம் இதை எதையும் சொல்லியிருக்கவில்லை. காயப்போட்ட நீச்சல் உடையை வெளிக்கொடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அன்று முழுக்கப் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, “அவன் போனதைப் பாத்துமா நீ தண்ணியில எறங்குற?” என்று ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரையும் குளத்துக்கு அழைத்துப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்த் திரும்பிய ஒவ்வொரு முறையும் சுவரைத் தொட்டு அவரைப் பார்த்தேன். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ கைப்பை தரையில் இருந்தது. வீடு திரும்பும்போது காரில் கேட்டார்: “அவனுக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தா?”

நீரில் கண்டம் என்று எழுதியவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தண்ணீர் ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் கண்டம் உள்ள பிள்ளையைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைத்ததுதான் நாம் செய்த பிழை. அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் நீச்சல் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

கடலும் நீச்சலும் தமிழருக்குப் புதியவை அல்ல. வல்வெட்டித்துறையில் பிறந்த வழக்கறிஞர் ஒருவர் 1971-ல் பாக்கு நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், இந்தியாவிலிருந்து திரும்பவும் 51 மணி நேரத்தில் நீந்தினார். வி. எஸ். குமார் ஆனந்தன், மக்கள் அவருக்கு வைத்த பெயர் ஆழிக்குமரன். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் போனது. ஈரோட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் 1994-ல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார், 1997-ல் ஒரே ஆண்டில் பல நாட்டு நீரிணைகளைக் கடந்தார். நம் நாட்டில் அப்துல் மாலிக் மைதீன் 2003-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, அதைச் செய்த முதல் மலேசியர் ஆனார். எவரெஸ்டில் முதலில் கால் வைத்த மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாஸும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 1997 மே 23 என்று தேதியோடு சொல்வார்கள். ஆழிக்குமரனைக் கேட்டால் விழிக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் யாராவது அவரைப் பற்றி ஒரு பாடவேளையாவது பேச வேண்டும் என்பது என் ஆசை.

குளத்தில் 750 வந்துவிட்டது என்பதற்காகக் கடலில் 750 வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். குளத்தில் அடியில் கறுப்புக் கோடு உண்டு, பக்கத்தில் சுவர் உண்டு. பினாங்குக் கடலில் நீட்டிய கையின் விரல் நுனிகூடக் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு கலங்கல். பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் ஜெல்லி மீன் உண்டு. அதில் பெட்டி ஜெல்லி எனப்படும் வகை உயிருக்கே ஆபத்து. கடலுக்குப் போகிறவர் கையில் ஒரு போத்தல் வினிகர் இருக்க வேண்டும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் வினிகரை ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில்தான் நேர்ந்திருக்கிறது. அதனால் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன்: கடலில் தனியாக இறங்காதீர்கள். எவ்வளவு தேர்ந்தாலும் சரி, துணையில்லாமல் வேண்டாம். உடம்பில் கட்டி இழுத்துப் போகும் ஆரஞ்சு நிற மிதவை ஒன்று கிடைக்கிறது. அது இல்லாமல் நான் போவதில்லை.

போட்டி விதிகளும் புதியவருக்கு இரக்கம் காட்டுகின்றன, இது பலருக்குத் தெரியாது. எந்த வகை நீச்சலும் அடிக்கலாம். தவளை நீச்சலோ மல்லாந்த நீச்சலோ எதற்கும் தடையில்லை. களைத்தால் மிதவையையோ காவல் படகையோ பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக்கூடாது, அவ்வளவுதான். இதை அறிந்த நாளில் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நீச்சல் இல்லாத நாட்களில் காலையில் ஓட்டமோ சைக்கிளோ நடந்துகொண்டுதான் இருந்தது. காலை என்றால் கும்மிருட்டு. சென்னையில் ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். இங்கே ஏழுக்குத்தான் சூரியன், சில மாதங்களில் ஏழரை. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள், சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. என் பாட்டி சாகும்வரை பழைய நேரம், புது நேரம் என்றே பேசினார். எந்த நேரமானாலும், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு அவருக்கு இருட்டில்தான். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போவார். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். இன்று நான் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ஐந்தரைக்கு வாசலைத் தாண்டும்போது பாட்டியின் நினைவு வராத நாளில்லை. எனக்கும் கணக்கு அதேதான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. எட்டரைக்கு மேல் ஓடுவது வீரமில்லை. புகைமூட்ட மாதங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே போகாதீர்கள். அன்று வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்துகொள்ளலாம்.

சைக்கிளுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நெடுஞ்சாலையிலும் இல்லை. தீவுக்குப் போக வேண்டுமானால் பட்டர்வொர்த்தில் பெர்ரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகலாம். நான் பெரும்பாலும் நம் பக்கமே போகிறேன்: பெர்மாத்தாங் பாவ், பெனாந்தி வழியாக மெங்குவாங் அணைப் பக்கம். வயல் இருக்கும் இடம்வரை சாலை சமம். ஞாயிறு காலை லாரிகள் குறைவு. பின்விளக்கு இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது. விலையுயர்ந்த சைக்கிள் வேண்டாம் என்று முன்பே எழுதினேன், இப்போதும் அதையே சொல்கிறேன். தலைக்கவசமும் பிரேக்கும் நன்றாக இருந்தால் ஸ்பிரிண்டை முடித்துவிடலாம். போட்டியில் தாங்கியிலிருந்து சைக்கிளை எடுப்பதற்கு முன்பே தலைக்கவசத்தின் வாரை மாட்டியாக வேண்டும். முடித்து வந்து சைக்கிளைத் தாங்கியில் வைத்த பிறகுதான் கழற்றலாம். மாற்றிச் செய்தால் தண்டனை உண்டு. நான் வீட்டு முன்வாசலில் துண்டை விரித்து, அதன்மேல் காலணியையும் தலைக்கவசத்தையும் வைத்து, ஈர உடம்போடு ஓடிவந்து மாட்டிப் பழகினேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் நேரம் குறித்துக் கொடுத்தார்கள்.

சைக்கிளைவிட்டு இறங்கியவுடன் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் நம்முடையதாக இருக்காது. மரக்கட்டை மாதிரி நிற்கும். முதல் தடவை எனக்கு முட்டி மடங்கவே மறுத்தது. அரை மணி சைக்கிள், இறங்கியதும் பத்து நிமிட ஓட்டம். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் ஒரு மாதத்தில் கால் புரிந்துகொள்கிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் ஏறத்தாழப் பத்துக்கு மூன்று பேர், எல்லா இனத்தையும்விட அதிகம். நானும் அந்தப் பத்தில் மூவரில் ஒருவன். இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் விரல் எடுத்தவர்கள், கால் எடுத்தவர்கள், டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் மூன்று நாள் படுத்தவர்கள் வரிசையாகக் கண்முன் வருகிறார்கள். நடப்பதும் ஓடுவதும் நீந்துவதும் நமக்குப் பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டிவிட்டன. ஆனால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று கீழே போகும். கை நடுங்கும், கண் இருட்டும். சாலையில் அது வந்தால் உட்கார்ந்து ஒரு மிட்டாயைப் போட்டுக்கொள்ளலாம். தண்ணீரில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளத்தில் இறங்குமுன் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு இறங்குவது என் வழக்கம். கரையில் அங்கிளிடம் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன். கால் மரத்துப்போகும் தொல்லை உள்ளவர்கள் ஓடி முடித்ததும் இரண்டு பாதத்தையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள், கொப்புளம் வந்தது தெரியாமலே இருக்கும்.

இன்னொன்று, வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் உப்பும் போகிறது. தாகத்துக்குக் குடித்தால் போதும், கூடவே சிறிது உப்பு. எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டு நம் வீட்டில் செய்வதே நல்லது.

சுங்கை பட்டாணி நண்பருக்கு: இந்தச் சனிக்கிழமையே பக்கத்துப் பொதுக் குளத்துக்குப் போங்கள். ஒரு நீச்சல் கண்ணாடி, ஒரு தொப்பி, இறுக்கமான நீச்சல் உடை போதும். பருத்தி டீசட்டையோடு விடமாட்டார்கள். பயிற்சியாளரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், எனக்கு நீந்தத் தெரியாது, பயமாகவும் இருக்கிறது என்று. முதல் இரண்டு வாரம் ஊதுவதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள். யார் உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும். வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையோ பேரப்பிள்ளையோ இருந்தால், ஆணோ பெண்ணோ, கையைப் பிடித்துக் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். பள்ளி விடுமுறை வருகிறது.